திருப்பூர் சாயக்கழிவுநீர்: தண்ணீர் திரும்பிவிட்டது, உப்பு எங்கே போனது?

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992-இல் பாசனத்துக்கென்று பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழானது. அணையைத் திறக்கச் சொல்ல வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள், தயவுசெய்து திறக்காதீர்கள் என்று மன்றாட வேண்டி வந்தது. உள்ளே தேங்கி நின்றதில் பெரும்பகுதி, மேலே திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் ஆற்றில் விட்ட கழிவுநீர். அது பாய்ந்த வயலில் பயிர் கருகியது. பக்கத்துக் கிணறுகள் உவர்ந்தன. ஆற்றோரத்துத் தென்னந்தோப்புகள் காய்ப்பு இழந்தன.

அந்தக் கழிவுநீரை இன்று ஆற்றில் விடாமல், சுத்திகரித்துத் திரும்பச் சாயமிடவே பயன்படுத்துகிறார்கள். 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள், அவற்றோடு சொந்தச் சுத்திகரிப்பு வசதி வைத்திருக்கும் ஆலைகள், எல்லாம் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையில். ஒரு தொழில் நகரமே இப்படி மாறியது பெரிய காரியம்தான். ஆனால் சாயக்கழிவு என்றதும் நாம் நிறத்தையே பார்க்கிறோம், நிறத்தையே பேசுகிறோம். ஆறு சிவப்பாக ஓடினால் செய்தி வரும், தெளிவாக ஓடினால் வராது. நொய்யலைக் கெடுத்தது பெரிதும் கண்ணுக்குத் தெரியாத உப்பு. திருப்பூரின் முதல் முயற்சிகள் தோற்றதற்கும், பின்னால் வந்த முயற்சி நிலைத்ததற்கும், இன்னும் மிச்சமிருக்கும் சிக்கலுக்கும் உப்பைப் பின்தொடர்ந்து போனால்தான் விடை கிடைக்கும்.

உப்பு எங்கிருந்து வருகிறது

பருத்திப் பின்னல் துணிக்கு அதிகம் பயன்படுவது ரியாக்டிவ் சாயம். இழையிலுள்ள செல்லுலோஸோடு வேதிப் பிணைப்பே உண்டாக்கிக்கொள்வதால், துவைத்தாலும் எளிதில் போகாது. ஆனால் சாயத் துகளுக்கும் எதிர்மின்னூட்டம், நீரில் நனைந்த பருத்திக்கும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தைத் துணியோடு நெருங்க வைக்கத்தான் உப்பு. அது சாதாரண உப்பாக இருக்கலாம், கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டாக இருக்கலாம். பிறகு சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டுக் காரத்தை ஏற்றினால் சாயம் பிணைந்துகொள்ளும். உப்புக்குத் துணியில் தங்கும் வேலையே கிடையாது. போட்டது போட்டபடி வடிகாலுக்கு வந்துவிடும்.

ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் சாயமிடும் துணியின் கணக்கைப் பார்ப்போம். 500 கிலோ துணி, சாப்ட் ப்ளோ எனப்படும் சாய மெஷின், துணிக்கும் நீருக்கும் 1:6 விகிதம். தொட்டியில் 3,000 லிட்டர் தண்ணீர். நடுத்தர அடர்த்தியுள்ள நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 180 கிலோ. சோடா ஆஷ் லிட்டருக்கு 20 கிராம் என்றால் 60 கிலோ. சலவை, சாயமிடல், பிறகு சோப்புப் போட்டு அலசுதல், சாப்ட்னர் எல்லாம் சேர்த்துப் பத்து முறை தண்ணீர் நிரப்பி வடித்தால் 30,000 லிட்டர் கழிவுநீர். அதில் கரைந்திருப்பது 240 கிலோ. அதாவது லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்). ஆற்றில் விட அனுமதிக்கப்படும் வரம்பு 2,100. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கதாகச் சொல்வது 500.

இதே லாட்டை வின்ச் எனப்படும் பழைய வகைச் சாய மெஷினில் 1:15 விகிதத்தில் ஓட்டியிருந்தால் தொட்டியில் 7,500 லிட்டர், உப்பு மட்டும் 450 கிலோ. துணி அதே 500 கிலோதான். உப்பைத் துணியின் எடையை வைத்துப் போடுவதில்லை, தொட்டி நீரின் அளவை வைத்துப் போடுகிறோம். இதனால் சாயத் தொட்டியில் மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டர் தண்ணீரும் அதன் பங்கு உப்பையும் மிச்சப்படுத்தும். சுத்திகரிப்பு நிலையத்தில் கோடிக்கணக்கில் செலவழித்துப் பிடிக்க வேண்டியதை மெஷின் வாங்கும்போதே பாதியாகக் குறைத்துவிடலாம். இந்த இடத்தை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் சுத்திகரிப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் குழாயின் கடைசி முனையில்தான் தொடங்குகிறது.

இன்னொரு கணக்கு. சாயத் தொட்டியை வடிக்கும்போது துணி தன் எடையைப்போல் இரண்டு மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், அதாவது 1,000 லிட்டர். மீதி 2,000 லிட்டரோடு உப்பில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். அடுத்த அலசலில் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக, பத்து வடிப்பில் இரண்டே வடிப்பு உப்பில் பத்தில் ஒன்பது பங்கைச் சுமக்கிறது. அந்த இரண்டை மட்டும் தனி வாய்க்காலில் எடுத்துவிட்டால், மற்ற எட்டும் மிதமான நீர். எல்லாவற்றையும் ஒரே குழியில் கலந்துவிட்டுப் பிறகு பிரிக்கப் போராடுவதுதான் வழக்கமாக இருந்தது.

நிறம் போயிற்று, உப்பு நின்றது

1990-களின் பிற்பகுதியில் தொடங்கி வந்த முதல் தலைமுறைப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட் ஆகியவற்றைப் போட்டு நிறத்தைத் திரளச்செய்து அடியில் படியவிட்டன. மேலே வந்த தண்ணீர் ஓரளவு தெளிவாகவே இருந்தது. ஆனால் அந்த முறையால் சோடியத்தையோ குளோரைடையோ தொடவே முடியாது. போதாக்குறைக்கு, சேர்த்த ரசாயனங்களும் கரைந்த உப்பைக் கூட்டின. அடியில் படிந்த கசடு தனிச் சுமை. சாயமும் இரும்பும் சுண்ணாம்பும் கலந்த அந்த ஸ்லட்ஜ் அபாயக் கழிவு வகையைச் சேர்ந்தது. மூட்டை மூட்டையாக நிலைய வளாகங்களிலேயே அடுக்கப்பட்டது.

இந்தத் தெளிந்த உப்புநீர் வயலுக்குப் போனால் என்ன ஆகும்? களிமண் துகள்களைக் கால்சியம் கோத்து வைத்திருக்கும். சோடியம் மிகும்போது கால்சியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். மண் தன் கட்டமைப்பை இழந்து, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் பாறையாகவும் மாறும். மழைநீரும் உள்ளே இறங்காது. டிடிஎஸ் குறைந்த நீராக இருந்தாலும், கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிடச் சோடியம் மிகுதியாக இருந்தால் இந்தக் கேடு உண்டு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 அக்டோபரில் ஜவுளித் துறைக்கு அறிவித்த வரம்புகளில் கரிமக் கழிவை அளக்கும் பிஓடி 30, சிஓடி 250, கூடவே டிடிஎஸ் 2,100 ஆகியவற்றோடு சோடியம் உறிஞ்சல் விகிதம் 26 என்று சேர்த்திருப்பது இதனால்தான். நிறத்துக்கும் 150 அலகு என்று வரம்பு உண்டு. ஆனால் விவசாயியின் கிணற்றைக் காப்பாற்றப்போவது டிடிஎஸ், சோடியம் விகிதம் என்ற இரண்டு உப்பு வரம்புகள்தான்.

நீதிமன்றம் வைத்த கெடு

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2007 ஜூலை இறுதிக்குள் சாய ஆலைகள் ஜீரோ டிஸ்சார்ஜை எட்ட வேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை உயரும் அபராதம் கட்ட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றமும் 2009 அக்டோபரில் விவசாயிகள் பக்கமே நின்று, மூன்று மாத அவகாசம் மட்டும் கொடுத்தது. அதற்குள் பல நிலையங்கள் சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும், நீரை ஆவியாக்கும் எவாபரேட்டரும் நிறுவியிருந்தன. ஆனாலும் ஓட்ட முடியவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாவற்றையும் மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகள் நின்றன.

அந்த மாதங்களில் திருப்பூர் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும். துணி சாயத்துக்காக வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போனது. அதோடு கழிவும் போனது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. தமிழக அரசு அந்த ஆண்டு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. பணம் அவசியமாக இருந்தது. ஆனால் பணம் போட்டு வாங்கிய கருவிகள்தான் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தன. ஏன் என்று பார்ப்பது இந்த ஆய்வின் மையம்.

கழிவுநீர் கடக்கும் பாதை

ஆலைகளிலிருந்து குழாயில் வரும் கழிவுநீர் முதலில் சல்லடையில் பஞ்சுத் தூசை விட்டுவிட்டுச் சமநிலைத் தொட்டிக்குப் போகிறது. ஒரு நாள் அளவு நீரையாவது அங்கே நிறுத்திக் கலக்க வேண்டும். ஓர் ஆலை சலவை நீரை விடும், இன்னொன்று கறுப்புச் சாயத்தை விடும். மணிக்கு மணி மாறும் இந்த நீரை நேராக நுண்ணுயிரிகளுக்குக் கொடுத்தால் அவை செத்துவிடும். சலவையில் மிஞ்சிய பெராக்சைடு ஒன்றே போதும். பிறகு அமிலம் விட்டுக் காரத்தைக் குறைத்து, காற்றூட்டும் தொட்டியில் உயிரியல் சுத்திகரிப்பு. பழைய சுண்ணாம்பு முறையை விட்டு உயிரியல் முறைக்கு வந்ததில் கசடு பெருமளவு குறைந்தது. இது அதிகம் பேசப்படாத நல்ல மாற்றம்.

அடுத்து நிறநீக்கம், மணல் வடிகட்டி, அல்ட்ரா பில்ட்ரேஷன் எனும் நுண்வடிகட்டல், ஆர்.ஓ. என்று நீர் நகர்கிறது. ஆர்.ஓ. வரிசையில் 100 லிட்டர் விட்டால் 85 லிட்டர் நல்ல நீராக வரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீர் பெரும்பாலான ஆழ்துளைக் கிணற்று நீரைவிட மென்மையானது. சாயம் போடுகிறவர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை, கடினத்தன்மை இல்லாத நீரில் நிறம் லாட்டுக்கு லாட் மாறாமல் வரும். சாயத்துக்கான தண்ணீரை லாரிகளில் சுற்றுக் கிராமக் கிணறுகளிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த ஊருக்கு இது சிறிய லாபம் இல்லை.

மீதி 15 லிட்டர்தான் பிரச்சினை. லிட்டருக்கு 7,000 மில்லிகிராமாக உள்ளே போனது என்று வைத்துக்கொண்டால், உப்பு இப்போது அந்த 15 லிட்டரில் ஏறத்தாழ 46,000 ஆகச் செறிந்து நிற்கிறது. கடல்நீரைவிடக் கரிப்பு. கூடவே நுண்ணுயிரிகளுக்குச் சிக்காத சாயமும்.

இதை எவாபரேட்டரில் கொதிக்கவைத்து ஆவியாக்கி, திட உப்பாக்கிவிடலாம் என்பதுதான் முதல் வடிவமைப்பு. தாளில் எளிது. ஆனால் ஆயிரம் லிட்டர் நீரை ஒரே கட்டத்தில் ஆவியாக்க 600 யூனிட்டுக்கும் மேல் வெப்ப ஆற்றல் வேண்டும். பல கட்டங்களாக அடுக்கினாலும், ஆவியையே அழுத்தித் திரும்பப் பயன்படுத்தும் இயந்திரம் வைத்தாலும் செலவு குறையுமே தவிர மறையாது. அதைவிடப் பெரிய தொல்லை, சாயமும் சிலிக்காவும் கால்சியமும் கலந்த கரைசல் வெப்பக் குழாய்களில் படிந்து அடைத்தது. குளோரைடு எஃகை அரித்தது. வடிவமைத்த அளவில் பாதியைக்கூட எவாபரேட்டர் வாங்காதபோது, பின்னால் நிற்கும் ஆர்.ஓ.வும் அதன் பின்னால் நிற்கும் தொட்டிகளும் நிரம்பும். நிரம்பிய தொட்டிக்கு ஒரே வழி வாய்க்கால்தான்.

அருள்புரத்தில் கிடைத்த வழி

இங்கேதான் சிந்தனை திரும்பியது. சாயத் தொட்டிக்கு லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம் என்று உப்புக் கரைசல்தான் வேண்டும். ஆர்.ஓ.வின் கழிவில் லிட்டருக்கு 46 கிராம் ஏற்கெனவே கரைந்து கிடக்கிறது. அதைக் காசு கொடுத்துக் காயவைத்துத் திட உப்பாக்கி, ஆலைக்கு அனுப்பி, அங்கே திரும்பத் தண்ணீரில் கரைக்க வேண்டிய அவசியம் என்ன? கொஞ்சம் மட்டும் செறிவூட்டி, சுத்தம் செய்து, கரைசலாகவே திருப்பிக் கொடுத்துவிட்டால் எவாபரேட்டரின் சுமை வெகுவாகக் குறையும்.

தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் பொறுப்பில் அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் இந்த பிரைன் (செறிந்த உப்புக் கரைசல்) மறுபயன்பாடு நடைமுறைக்கு வந்தது. அங்கே அது நிலைத்து ஓடியதைப் பார்த்த பிறகே மற்ற நிலையங்களும் அந்த வழிக்கு வந்தன. சொல்ல எளிதாக இருந்தாலும் சாய மாஸ்டர்களை இதற்குச் சம்மதிக்க வைப்பது லேசான வேலை இல்லை, அவர்களுடைய தயக்கம் நியாயமானதுமாகும். பிரைனில் சிறிது கடினத்தன்மை மிஞ்சினால், சோடா ஆஷ் விழுந்ததும் கால்சியம் கார்பனேட்டாகத் திரிந்து துணியில் புள்ளி விழும். குளோரின் போட்டு நிறம் நீக்கிவிட்டு மிச்சக் குளோரினை அகற்றாவிட்டால் புதிய சாயத்தையே அது தின்னும். நாம் அதிகம் கவனிக்காத மூன்றாவது ஒன்று உண்டு, மிஞ்சிய காரத்தன்மை. சோடா ஆஷ் எப்போது விழ வேண்டும் என்பதில்தான் மாஸ்டரின் கைத்திறன் இருக்கிறது. முதலில் உப்பு, சாயம் துணியெங்கும் சீராகப் பரவிய பிறகே காரம். பிரைனிலேயே காரம் ஒளிந்திருந்தால் சாயம் பரவுமுன்பே பிணையத் தொடங்கும், துணி திட்டுத்திட்டாக வரும். அதனால் கடினத்தன்மை நீக்கும் ரெசின், அமிலம் விட்டுக் கார்பனேட்டைக் கரியமில வாயுவாக வெளியேற்றுதல், நிறத்தைத் தடுத்து நிறுத்தும் நானோ பில்ட்ரேஷன் எல்லாம் அந்தப் பாதையில் இடம்பெற வேண்டும்.

எந்த உப்பு என்பதும் முக்கியம். சோடியம் சல்பேட்டுக்கு ஓர் அபூர்வக் குணம் உண்டு. 32 டிகிரி வெப்பத்தில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 50 கிராம் கரையும், 10 டிகிரியில் 9 கிராம்தான் கரையும். செறிந்த கரைசலைக் குளிர்வித்தாலே போதும், கொதிக்கவைக்காமல் கிளாபர் உப்பு கண்ணாடிக் குச்சிகள்போல் படிகமாக விழும். சாதாரண உப்புக்கு இந்த வசதி கிடையாது, அது குளிரிலும் வெப்பத்திலும் ஏறக்குறைய ஒரே அளவே கரையும். ஒரு நிலையத்தோடு இணைந்த ஆலைகளில் பாதி சல்பேட்டையும் பாதி குளோரைடையும் பயன்படுத்தினால், அல்லது சல்பேட் நீரைச் சமன்படுத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால், இரண்டும் கலந்து பிரிக்கச் சிரமமான கலவை உப்பாகிவிடும். எந்த உப்பை வாங்குவது என்பது ஆலை முதலாளியின் சொந்த முடிவுபோலத் தெரிந்தாலும், உண்மையில் அது ஊர்கூடி எடுக்க வேண்டிய முடிவு.

மிச்சம் இருப்பவை

கலவை உப்பு இன்னும் தீராத தலைவலி. பிரைனும் கிளாபர் உப்பும் போன பிறகு கடைசியில் மிஞ்சும் தாய்க்கரைசலை உலர்த்தினால் கிடைப்பது பழுப்பு நிறக் கலவை. சாயத்துக்கு உதவாது, நிலத்தில் கொட்டினால் முதல் மழையில் கரைந்து மீண்டும் நொய்யலைத் தேடிப் போகும். கூரைக்குக் கீழே அடுக்கி வைப்பதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரியல் கசடைச் சிமென்ட் சூளைகள் எரிபொருளோடு எடுத்துக்கொள்ளும். குளோரைடு மிகுந்த உப்பை அவையும் ஏற்காது.

செலவு இன்னொரு பக்கம். சுத்திகரிப்புக்கு லிட்டருக்கு 20 பைசா என்று வைத்தாலும், மேலே சொன்ன லாட்டின் கணக்குப்படி கிலோ துணிக்கு 60 லிட்டர், அதாவது 12 ரூபாய். ஜீரோ டிஸ்சார்ஜ் கட்டாயமில்லாத இடத்தில் சாயமிடுகிறவருக்கு இந்த 12 ரூபாய் இல்லை. சட்டத்தை மதித்தவரை விலைப் போட்டியில் தண்டிக்கும் இந்த ஏற்பாடு நீடிக்கும்வரை, இரவில் வாய்க்காலில் திறந்துவிடும் அனுமதியற்ற பட்டறைகளும் முளைத்துக்கொண்டேதான் இருக்கும். மின்சாரத்தின் மூலம் பற்றியும் யோசிக்க வேண்டும். நிலக்கரியை எரித்து உப்பைப் பிரித்தால் ஆற்றின் சுமையைக் காற்றுக்கு மாற்றுகிறோம். திருப்பூர்த் தொழில்முனைவோர் பலர் காற்றாலைகளில் முதலிட்டிருப்பது அந்த வகையில் உண்மையான ஆறுதல். இதற்கிடையில், ஏற்கெனவே மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் போய்ச் சேர்ந்த உப்பை எந்த ஆர்.ஓ.வும் திரும்ப எடுக்காது. நல்ல மழையும் நீண்ட காலமும்தான் அதைக் கழுவ வேண்டும்.

வேறொரு சாயத் தொகுப்பு திருப்பூரைப் பின்பற்ற விரும்பினால், கருவிப் பட்டியலுக்கு முன்னால் உப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றைத் தொடங்கச் சொல்வேன். நீர் மீட்டர் காட்டும் எண்ணை வைத்து ஜீரோ டிஸ்சார்ஜைச் சரிபார்க்க முடியாது. நீர் ஆவியாகும், துணியில் போகும், மழையில் கூடும், இவ்வளவு குறைந்தது என்று சொல்லி எதையும் மறைத்துவிடலாம். உப்பு அப்படி எங்கும் மறையாது, உயிரியல் தொட்டியில் அழியாது, காற்றில் பறக்காது. நாளைக்கு 10 டன் துணி ஓட்டும் ஆலை மேலே உள்ள விகிதப்படி 3,600 கிலோ உப்பும் 1,200 கிலோ சோடா ஆஷும் தொட்டியில் போடுகிறது. அவ்வளவும் பிரைனாக, படிகமாக, கலவை உப்பாக, அமிலத்தால் வாயுவாகப் போன கார்பனேட்டாக ஏட்டில் திரும்பி வந்தாக வேண்டும். பிரைன் ஒழுங்காகத் திரும்பும் நிலையத்தில் ஆலைகள் வெளியிலிருந்து வாங்கும் புது உப்பு மாதாமாதம் குறைவாகவே இருக்க வேண்டும். உப்பு வியாபாரியின் பில் குறையாமல் நிலையம் மட்டும் எல்லாம் மீட்டுவிட்டதாகச் சொன்னால், ஆய்வுக்குப் போகும் அதிகாரி முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் ஆலைக்குப் பின்னால் ஓடும் ஓடை. அங்கே ஒரு டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்தால் போதும்.